டாலருக்கு எட்டு காசு!

உங்க சொந்தத்துல யாராவது அமெரிக்காவுல வீடு வாங்க அலைஞ்சுக்கிட்டிருந்தா, அவங்க பேச்சைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. எத்தனை பெட்ரூம், கார் நிறுத்த இடம் இருக்கா... இதெல்லாம் அப்புறம்தான். முதல்ல வர்ற வார்த்தை 'ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்'! எடிசன், ஃப்ரீமான்ட் மாதிரி நம்மாளுங்க நிறைய இருக்கிற ஊர்களுக்கான வீட்டு விளம்பரத்தை நெட்ல தேடினா, பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க்னு அதுலேயே போட்டிருக்கும். ஒரே மாதிரி வீடுதான். ஆனா, டிஸ்ட்ரிக்ட் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் வேற விலை.

அப்படி அடிச்சுப் பிடிச்சு இடம் தேடறது ஏதோ காஸ்ட்லி கான்வென்ட்டுக்குன்னு நினைச்சுடாதீங்க. அத்தனையும் பப்ளிக் ஸ்கூல். நம்ம ஊர்ல 'பப்ளிக் ஸ்கூல்'னு போர்டு மாட்டியிருந்தா லட்சத்துல ஃபீஸ் கேட்பாங்க. அங்கே அது அக்மார்க் அரசுப் பள்ளி. ஃபீஸ் கிடையாது. ஏறக்குறைய 5 கோடி பிள்ளைங்க அதுலதான் படிக்கிறாங்க.

எல்லாமே அரசுப் பள்ளி, எல்லாமே இலவசம். அப்புறம் ஏன் இத்தனை அடிதடி? பணம் எங்கேருந்து வருதுங்கிறதுலதான் இருக்கு மேட்டர்.

பில்லு யார் கட்டறா?

அமெரிக்க அரசியல் சட்டத்துல 'கல்வி'ங்கிற வார்த்தையே கிடையாது. ஸோ, பள்ளிக்கூடம் நடத்துறது மாநிலங்களோட வேலை. மாநிலங்களும் அதை அப்படியே கீழே தள்ளிவிட்டு, ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் கையில கொடுத்திருக்கு. நம்ம மாவட்டம் சைஸுக்குக் கற்பனை பண்ணாதீங்க. நாடு முழுக்க 13,000-க்கும் மேல இருக்கு. சின்னதா ஒரு ஊருக்கே தனியா ஒண்ணு இருக்கும். அதுக்குன்னு ஒரு போர்டு, பெரும்பாலான ஊர்கள்ல அதுக்கு எலெக்‌ஷன், பள்ளிக்கூடத்துக்குன்னே தனி வரி.

கோவிட்டுக்கு முன்னாடி, 2018-19 கணக்கை எடுத்துக்கிட்டா, பள்ளிக்கு வந்த ஒவ்வொரு டாலர்லேயும் மாநில அரசு கொடுத்தது சுமார் 47 சென்ட். உள்ளூர்ல வசூலானது சுமார் 45 சென்ட். வாஷிங்டன்ல இருக்கிற ஃபெடரல் அரசு கொடுத்தது வெறும் 8 சென்ட்.

அந்த உள்ளூர்ப் பணத்துல பெரும்பங்கு வீட்டு வரி. உங்க ஏரியாவுல வீட்டு விலை ஏறினா வரி அதிகம் வரும். வரி அதிகம் வந்தா பள்ளிக்கூடம் ஜம்முனு இருக்கும். பள்ளிக்கூடம் நல்லா இருந்தா அந்த ஏரியாவுல வீடு வாங்கக் கூட்டம் அள்ளும். திரும்ப விலை ஏறும். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர் எழுதினவங்களுக்குத் தெரியும், இது பாசிடிவ் ஃபீட்பேக். தானா எங்கேயும் நிக்காது. கீழே போற ஏரியாவுக்கும் இதே சர்க்யூட்தான், தலைகீழா.

ஒரே ஊர், ரெண்டு பள்ளிக்கூடம்

இது எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்க டெக்ஸாஸ்ல இருக்கிற சான் அன்டோனியோ ஊருக்குப் போகணும். அங்கே எட்ஜ்வுட், அலமோ ஹைட்ஸ்னு ரெண்டு டிஸ்ட்ரிக்ட். எட்ஜ்வுட்ல சுமார் 22,000 பிள்ளைங்க, நூத்துக்குத் தொண்ணூறு பேர் மெக்ஸிகோ வம்சாவளிக் குடும்பம். அலமோ ஹைட்ஸ் வசதியான ஏரியா. சுமார் 5,000 பிள்ளைங்க, பெரும்பாலும் வெள்ளைக்காரங்க.

1967-68 கணக்கு இது. அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்புலேயே பதிவாகி இருக்கு. பிள்ளைக்கு இத்தனைன்னு வகுத்துப் பார்த்தா, எட்ஜ்வுட்ல இருந்த சொத்து மதிப்பு 5,960 டாலர். அலமோ ஹைட்ஸ்ல 49,000 டாலருக்கும் மேல. இப்ப வரி ரேட்டைப் பாருங்க. எட்ஜ்வுட்காரங்க 100 டாலர் சொத்துக்கு 1.05 டாலர் கட்டினாங்க. அலமோ ஹைட்ஸ்ல 85 சென்ட்தான். அதாவது, ஏழைங்கதான் அதிக ரேட்ல வரி கட்டினாங்க. கட்டி என்ன கிடைச்சுது? உள்ளூர் வரியில இருந்து ஒரு பிள்ளைக்கு 26 டாலர். அலமோ ஹைட்ஸ் பிள்ளைக்கு 333 டாலர்!

சரி, மாநில அரசு சமன் பண்ணியிருக்கும்னு பார்த்தா, எட்ஜ்வுட்டுக்கு 222, அலமோ ஹைட்ஸுக்கு 225. ஆமா, பணக்கார ஏரியாவுக்கு மூணு டாலர் கூட! (பிரிண்டிங் மிஸ்டேக்னு நினைச்சு ரெண்டு தடவை பார்த்தேன். இல்லை.)

மூணாவது வரி ஃபெடரல் பணம். எட்ஜ்வுட்டுக்கு 108 டாலர், அலமோ ஹைட்ஸுக்கு 36. மொத்தக் கணக்குலேயும் இது ஒண்ணுதான் இல்லாதவன் பக்கமா ஓடின காசு. அப்படியும் கூட்டிப் பார்த்தா 356-க்கு 594. பள்ளம் மூடலை. ஆனா, அந்த 108 இல்லைன்னா என்ன ஆகியிருக்கும்னு நீங்களே கழிச்சுப் பார்த்துக்குங்க.

1968 மே மாசம், எட்ஜ்வுட் ஹைஸ்கூல் மாணவர்கள் சுமார் 400 பேர் கிளாஸைவிட்டு வெளியே வந்து ஊர்வலம் போனாங்க. இடிஞ்ச கட்டடம், தகுதியில்லாத ஆசிரியர்கள்... இதுதான் புகார். அப்புறம் பெற்றோர்களும் கோர்ட்டுக்குப் போனாங்க. முன்னாடி நின்னவர் டெமேட்ரியோ ரோட்ரிகஸ். தகரத் தகடு வேலை பார்க்கிற தொழிலாளி. 1971-ல கீழ் கோர்ட்ல ஜெயிச்சார். 1973 மார்ச்சுல சுப்ரீம் கோர்ட் 5-க்கு 4-னு திருப்பிடுச்சு. ஃபெடரல் அரசியல் சட்டப்படி கல்வி ஒரு அடிப்படை உரிமை இல்லைன்னு தீர்ப்பு. எதிர்த்து எழுதின நீதிபதிகள்ல ஒருத்தர் துர்குட் மார்ஷல். நிறவெறிப் பள்ளிகள் செல்லாதுன்னு 1954-ல வந்த பிரவுன் தீர்ப்புக்கு வக்கீலா வாதாடினவரே அவர்தான்.

நம்ம நிலைமை வேற. 2002-ல அரசியல் சட்டத்துல சேர்த்த 21-ஏ பிரிவு, 6 முதல் 14 வயசு வரைக்கும் கல்வியை அடிப்படை உரிமையாக்கிடுச்சு. அமெரிக்காவுல அந்தக் கதவு 1973-ல சாத்தினதுதான். டெக்ஸாஸ் மாநில கோர்ட் 1989-ல வேற வழியில எட்ஜ்வுட் பக்கம் தீர்ப்பு சொல்ல, பணக்கார டிஸ்ட்ரிக்ட் வரியில ஒரு பங்கை எடுத்து மத்தவங்களுக்குக் கொடுக்கிற சட்டம் 1993-ல வந்துச்சு. அங்கே அதுக்கு ஜனங்க வெச்ச பேரு 'ராபின் ஹுட்'!

வாத்தியார் போட்ட கையெழுத்து

எட்ஜ்வுட்டுக்கு வந்த மாதிரியான பணத்துக்குப் பெரிய வாசலைத் திறந்தவர் லிண்டன் ஜான்சன். கென்னடிக்கு அப்புறம் ஜனாதிபதியானவர். அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடி, 1928-ல, காலேஜ் படிப்புக்கு நடுவுல காசில்லாம டெக்ஸாஸ்ல கொட்டுலான்னு ஒரு சின்ன ஊர்ல வாத்தியார் வேலை பார்த்தவர். மெக்ஸிகோ வம்சாவளிப் பிள்ளைங்களுக்கான பள்ளி அது. பசியோட கிளாஸுக்கு வந்த அந்தப் பிள்ளைங்களைப் பத்தி ஜனாதிபதியான பிறகும் பேசிக்கிட்டே இருந்தார்.

1965 ஜனவரியில மசோதா. மூணு மாசத்துக்குள்ள சட்டம். ஏப்ரல் 11-ம் தேதி, தான் சின்ன வயசுல படிச்ச ஒற்றை அறைப் பள்ளிக்கூடத்துக்கே போய், தனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த டீச்சர் கேட் டெட்ரிக் லோனியைப் பக்கத்துல உட்காரவெச்சு கையெழுத்துப் போட்டார். செம சீன் இல்லே? அரசியல்வாதிக்கு கேமரா எங்கே இருக்கும்னு தெரியும்தான். ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, சட்டத்துல விஷயம் இருந்தது.

அதோட முதல் பகுதி, 'டைட்டில் ஒன்'. ஏழைப் பிள்ளைங்க எத்தனை பேர்னு கணக்கெடுத்து, அந்தக் கணக்குப்படி பணம். முதல் வருஷமே இந்தச் சட்டத்துக்கு ஒரு பில்லியன் டாலருக்கும் மேல ஒதுக்கினாங்க. 2024 கணக்குல டைட்டில் ஒன் மட்டுமே சுமார் 18 பில்லியன் டாலர்.

உடனே எல்லாம் நல்லா நடந்துச்சான்னு கேட்டா... ம்ஹூம். ரூபி மார்ட்டின், ஃபிலிஸ் மெக்ளூர்னு ரெண்டு பெண்கள் 1969-ல ஒரு அறிக்கை போட்டு அத்தனையையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாங்க. ஏழைப் பிள்ளைங்க பேரைச் சொல்லி வாங்கின பணத்தைப் பல ஊர்கள் பொதுச் செலவுல கரைச்சிருந்தது. நீச்சல் குளம் வாங்கின இடமும் உண்டு! அதுக்கப்புறம்தான் விதிகளை இறுக்கினாங்க. ஃபெடரல் பணம் மேல்கொண்டு வர்ற பணமா இருக்கணும், அதைக் காட்டி உள்ளூர்ப் பணத்தைக் குறைக்கக் கூடாதுங்கிறது அதுல முக்கியமான விதி. அப்பா செலவுக்கு அனுப்பறார்னு தெரிஞ்சதும் ஸ்காலர்ஷிப்பை வேற வழிக்குத் திருப்பி விடற ஹாஸ்டல் புத்தி, ஊர் நிர்வாகத்துக்கும் இருக்கும்போல.

காசு சின்னது, கயிறு பெரிசு

எட்டு சென்ட் கொடுக்கிறவன் பேச்சை மீதி 92 சென்ட் கொடுக்கிறவன் ஏன் கேட்கணும்? கேட்டாங்க. அதுதான் இந்தக் கதையில பெரிய திருப்பம்.

1954-ல பிரவுன் தீர்ப்பு வந்து பத்து வருஷம் கழிச்சும், தெற்கத்தி 11 மாநிலங்கள்ல நூறு கறுப்பினப் பிள்ளைங்கள்ல வெள்ளைப் பிள்ளைங்களோட ஒரே பள்ளியில படிச்சவங்க ஏறக்குறைய ரெண்டே பேர். கோர்ட் சொல்லுச்சு, யாரும் கேட்கலை. 1964-ல சிவில் உரிமைச் சட்டம் வந்துச்சு. அதுல ஆறாவது பகுதி, இனப் பாகுபாடு காட்டறவனுக்கு ஃபெடரல் பணம் கிடையாதுன்னு சொல்லுச்சு. அப்போ அது பெரிய மிரட்டலா இல்லை. ஏன்னா, நிறுத்தறதுக்குப் பணமே அதிகம் இல்லை. அடுத்த வருஷம் ஜான்சன் சட்டம் வந்ததும் கதை மாறிடுச்சு. நிஜமான பணம், நிஜமான கயிறு. மொத்தப் பெருமையையும் பணத்துக்கே கொடுக்க முடியாது. 1968-லேயும் 69-லேயும் சுப்ரீம் கோர்ட் இன்னும் கறாரா தீர்ப்பு சொன்னதும் சேர்ந்துதான் வேலை செஞ்சுது. 1972 வாக்குல அந்த ரெண்டு பேர், தொண்ணூறு பேர் ஆனாங்க.

இந்தக் கயிற்றை எதுக்கெல்லாம் கட்டினாங்கன்னு பார்த்தா சிரிப்பு வரும். அமெரிக்காவுல 21 வயசு ஆகாம சரக்கு வாங்க முடியாது, தெரியும்தானே? அது வாஷிங்டன் நேரா போட்ட தடை கிடையாது. 21-க்குக் கீழே விக்க விட்டா ரோடு போடற பணத்துல ஒரு பங்கைப் பிடிச்சுக்குவோம்னு 1984-ல சொன்னாங்க. சவுத் டகோட்டா மாநிலம் கேஸ் போட்டு 1987-ல தோத்துப்போச்சு. நிபந்தனையை முன்கூட்டியே தெளிவா சொல்லணும், பணம் எதுக்கோ அதோட சம்பந்தம் இருக்கணும், கழுத்தை நெரிக்கிற அளவுக்குப் போகக் கூடாது... இப்படிப்போச்சு அந்தத் தீர்ப்பு. எங்கே வரைக்கும் தூண்டுதல், எங்கேருந்து நெரிப்பு? 2012-ல ஏழைகளுக்கான மருத்துவ நிதி வழக்குல, புது நிபந்தனையை ஏத்துக்கலைன்னா ஏற்கெனவே வர்ற பணத்தையும் நிறுத்துவோம்ங்கிறது எல்லை மீறல்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

கயிறு கெட்டதுக்கும் இழுக்கும். புஷ் 2002 ஜனவரியில கொண்டுவந்த 'நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட்' சட்டம், மூணாம் கிளாஸ் முதல் எட்டாம் கிளாஸ் வரை வருஷா வருஷம் தேர்வு வைக்கச் சொல்லுச்சு. 2014-க்குள்ள நூத்துக்கு நூறு பேரும் தேறணுமாம்! மார்க் பிரஷர் எங்கே கொண்டுபோய் விடும்னு நம்மளைக் கேட்டிருந்தா சொல்லியிருப்போம். அட்லாண்டாவுல டீச்சர்களே விடைத்தாளைத் திருத்தி மார்க் ஏத்தினது 2011-ல அம்பலமாச்சு. 2015-ல 11 பேருக்குத் தண்டனை. அதே வருஷக் கடைசியில அந்தச் சட்டத்தையும் மாத்திட்டாங்க.

கறுப்பினப் பிள்ளைக்குக் கதவு திறந்ததும் இந்தக் கயிறுதான். டீச்சர் கையில அழிரப்பர் கொடுத்ததும் இதே கயிறுதான். அதனாலதான் யார் கையில நுனி இருக்குங்கிறதை விடாம கவனிக்கணும்.

நம்ம ஊர்லேயும் ஒரு கயிறு

2018-ல வந்த 'சமக்ர சிக்‌ஷா' திட்டத்துல பெரும்பாலான மாநிலங்களுக்குக் கணக்கு 60-க்கு 40. அறுபது டெல்லி, நாற்பது மாநிலம். 2024-25-க்குத் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய டெல்லிப் பங்கு சுமார் 2,152 கோடி ரூபாய். வரலை. 'பி.எம். ஸ்ரீ' பள்ளிகள் ஒப்பந்தத்துல, தேசிய கல்விக் கொள்கையை முழுசா நடைமுறைப்படுத்தணும்னு ஒரு வரி. அந்த வரியை ஏத்துக்க மாட்டோம்னு மாநில அரசு. கொள்கையும் திட்டமும் ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சது, கையெழுத்துப் போட்டா பணம்னு மத்திய அரசு. ஒப்பந்தத்தைக் காரணம் காட்டி சமக்ர சிக்‌ஷா நிதியை நிறுத்தறது நியாயம் இல்லைன்னு 2025-ல நாடாளுமன்ற நிலைக்குழு சொன்னது. அந்த மே மாசம் தமிழ்நாடு அரசு வட்டியோட பணம் கேட்டு சுப்ரீம் கோர்ட்ல வழக்குப் போட்டது. புது நிபந்தனை, பழைய பணம். மேலே 2012 வழக்கைப் படிச்சவங்களுக்கு இது எங்கேயோ கேட்ட கதையா இருக்கும். (அவங்க கோர்ட் தீர்ப்பு நம்ம கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது. அது வேற.)

ஜூன் 30, சாயங்காலம்

நம்ம ஊர்ல வழக்குப் போட்ட அடுத்த மாசமே அமெரிக்காவுல இன்னொரு கூத்து. ட்ரம்ப் 2025 மார்ச்சுல கல்வித் துறையையே இழுத்து மூட வழி பண்ணச் சொல்லி உத்தரவு போட்டிருந்தார். 1979-ல சட்டம் போட்டு உருவாக்கின துறையை முழுசா மூட நாடாளுமன்றம் சம்மதிக்கணும். ஆனா, ஆட்களைக் குறைக்கலாமே! அந்த உத்தரவுக்கு ஒரு வாரம் முன்னாடியே ஏறக்குறைய பாதி ஊழியர்களைக் குறைக்கிற அறிவிப்பு வந்தாச்சு.

அப்புறம் ஜூன் 30. ஜூலை 1-ம் தேதி மாநிலங்கள் கைக்குப் போகவேண்டிய 6 பில்லியன் டாலருக்கும் மேற்பட்ட பணம் இப்போதைக்கு வராது, பரிசீலனையில இருக்குன்னு முந்தின நாள் தகவல். நாடாளுமன்றம் ஏற்கெனவே ஒதுக்கி முடிச்ச பணம் அது. எதுக்கான பணம்? டீச்சர் டிரெய்னிங். பள்ளி முடிஞ்சு பெற்றோர் வேலையில இருந்து திரும்பற வரைக்கும் பிள்ளைங்களைப் பார்த்துக்கிற வகுப்புகள். அறுவடை அறுவடையா ஊர் மாறிப் போற பண்ணைத் தொழிலாளிகளோட பிள்ளைங்களுக்கான படிப்பு. அப்புறம், இங்கிலீஷ் தெரியாத பிள்ளைங்களுக்கான 'டைட்டில் த்ரீ'.

இந்தக் கடைசி அயிட்டத்துல நாமளும் வர்றோம். அங்கே பள்ளியில சேர்க்கும்போது 'வீட்டுல என்ன மொழி பேசறீங்க?'ன்னு ஒரு ஃபாரம் கொடுப்பாங்க. அப்பா பெருமையா 'தமிழ்'னு எழுதுவார். உடனே பிள்ளைக்கு இங்கிலீஷ் டெஸ்ட்! எல்.கே.ஜி-யில இருந்து இங்கிலீஷ் மீடியம்னு நாம சொன்னாலும் விடமாட்டாங்க. மார்க் குறைஞ்சா தனி இங்கிலீஷ் வகுப்பு. அந்த வகுப்புகளுக்கு ஒத்தாசையா வர்றது இந்த டைட்டில் த்ரீ பணம்.

எட்டு சென்ட்ங்கிறது சராசரிதான். கோவிட்டுக்கு முன்னாடி நியூஜெர்சிக்கு அது சுமார் 4 சென்ட், மிஸிசிப்பிக்கு சுமார் 14. ஸோ, பணத்தை நிறுத்தினா எடிசன்ல ஒரு முணுமுணுப்பு, மிஸிசிப்பியில வேலை காலி. ட்ரம்ப்புக்கு ஓட்டுப் போட்ட மாநிலங்கள்லதான் அடி பலமா விழும்ங்கிறது அவர் கட்சிக்காரங்களுக்கே புரிஞ்சுது. ஜூலை 14-ல 24 மாநிலங்கள் கோர்ட்டுக்குப் போச்சு. ரெண்டு நாள் கழிச்சு அவர் கட்சி செனட்டர்களே 10 பேர் பணத்தை விடச் சொல்லிக் கடிதம் எழுதினாங்க. முதல்ல பள்ளி முடிஞ்ச பிறகான வகுப்புகளுக்கான பணம் வந்தது. மிச்சத்தையும் விடுவிக்கிறோம்னு ஜூலை 25-ல அறிவிப்பு.

ஆகஸ்ட் முதல் வாரமே பள்ளி திறக்கிற ஊர்கள் தெற்கத்தி மாநிலங்கள்ல நிறைய. அந்த ஊர்களுக்கு, இங்கிலீஷ் வகுப்புக்கு டீச்சரை வைக்கலாமா வேண்டாமான்னு முடிவெடுக்க மிச்சமிருந்தது ஏழெட்டு நாள்.